நிதியோடு சேர்ந்து வரும் வாய்ப்பூட்டு

தென்மாவட்டம் ஒன்றில் கண்மாய்களையும் அங்கே வலசை வரும் பறவைகளையும் பாதுகாக்கும் அறக்கட்டளையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நிறுவனங்களிடம் நிதி திரட்டுவதும், நிதி வந்த பிறகு அந்த உறவைப் பார்த்துக்கொள்வதும் அவருடைய வேலை. அறக்கட்டளையின் ஆண்டுச் செலவு 40 லட்சம் ரூபாய். கண்மாய்க்குப் பக்கத்தில் ஆலை வைத்திருக்கும் ரசாயன நிறுவனம் ஒன்று, தன் சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) நிதியிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு 90 லட்சம் தர முன்வந்திருக்கிறது. இதுவரை அவர்களுக்கு வந்ததிலேயே பெரிய தொகை இதுதான்.

எம்ஓயூ எனப்படும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் வரைவு வந்ததும்தான் சிக்கல். 90 லட்சத்தில் 35 லட்சம் ஆலைச் சுற்றுச்சுவரை ஒட்டியும் கண்மாய்க் கரையிலும் மரக்கன்று நட ஒதுக்கப்பட்டிருக்கிறது. அறக்கட்டளையின் சின்னத்தைத் தங்கள் சலவைத் திரவப் பாக்கெட்டில், 'ஈரநிலங்களைக் காக்கும் தயாரிப்பு' என்ற வாசகத்தோடு அச்சிடப்போகிறார்களாம். நிறுவனத்தைப் பற்றி ஊடகத்திலோ, அரசு அமைப்புகளிடமோ, தீர்ப்பாயத்திலோ அறக்கட்டளை எதிர்மறையாக எதுவும் சொல்லக் கூடாது. சொன்னால் அதுவரை வாங்கிய பணம் முழுவதையும் 18 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டும். பறவைக் கணக்கெடுப்பு, நீர்ப் பரிசோதனைத் தரவுகள் எல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம். இது போக, வெளிநாட்டில் இருக்கும் தாய் நிறுவனம் தனியாக 12 லட்சம் அனுப்பத் தயார் என்கிறது.

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதேம்மா. எம்ஓயூதானே, கோர்ட்டுக்கா போகப்போறாங்க?" என்கிறார் நிர்வாக அறங்காவலர். "இதில் கையெழுத்துப் போட்டால் நான் கிளம்பிடுவேன்" என்கிறார் கள உயிரியலாளர். நடுவில் நிற்கும் வாசகி கேட்பது: கையெழுத்துப் போடலாமா? எதையெல்லாம் மாற்றச் சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கிறது? கேட்டால் மொத்தமும் போய்விடுமா?

அன்புத் தோழி,

நிறுவனம் ஆலை விரிவாக்கத்துக்கு விண்ணப்பித்திருப்பதாகக் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. அதை வைத்துப் பார்த்தால் இந்த வரைவின் மற்ற பிரிவுகள் எல்லாம் வேறு மாதிரித் தெரிகின்றன. அதற்கு வருகிறேன். அதற்கு முன், உங்கள் அறங்காவலர் சொன்ன மாட்டைப் பற்றிப் பேசிவிடலாம்.

இது தானமாடு அல்ல

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவு, முந்தைய நிதியாண்டில் 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ தொட்ட நிறுவனம், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும் என்கிறது. செலவழிக்காமலும், உரிய கணக்குக்கோ நிதிக்கோ மாற்றாமலும் விட்டால் அபராதம். மாற்றியிருக்க வேண்டிய தொகையைப் போல இரண்டு மடங்கு, அல்லது 1 கோடி, இதில் எது குறைவோ அது. சூழல் பாதுகாப்பும் தாவர, விலங்குப் பாதுகாப்பும் சிஎஸ்ஆருக்கு உரிய பணிகளைப் பட்டியலிடும் அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையிலேயே இருக்கின்றன.

ஆக, அவர்கள் கருணை காட்டவில்லை, கடமையைச் செய்கிறார்கள். அதற்கு, சிஎஸ்ஆர் பணி செய்யும் அமைப்புகள் அரசிடம் செய்துகொள்ளும் சிஎஸ்ஆர்-1 பதிவும் கள அனுபவமும் உள்ள அமைப்பு அவர்களுக்கு வேண்டும். அப்படிப்பட்ட அமைப்பு ஆலையின் பக்கத்திலேயே எத்தனை கிடைக்கும்? அவர்கள் எழுதியதை அப்படியே ஏற்றுக்கொள்ளும் நிலையில் நீங்கள் இல்லை. 'கேட்டால் போய்விடுமோ' என்ற பயத்தோடு பேச்சுவார்த்தைக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று, 'எம்ஓயூதானே' என்பது. தலைப்பில் புரிந்துணர்வு என்று இருப்பதால் மட்டும் எந்த ஆவணமும் வெற்றுக் காகிதமாகிவிடாது. சம்மதம், கைமாறு, கட்டுப்படும் நோக்கம் ஆகியவை உள்ளே இருந்தால் அது ஒப்பந்தம்தான். வட்டி விகிதம் வரை எழுதிய ஆவணத்தைக் காட்டி 'நாங்கள் சும்மா புரிந்துகொண்டோம்' என்று எந்த நீதிபதியிடமும் சொல்ல முடியாது.

மரக்கன்றுக்கு 35 லட்சம் ஏன்?

இந்தத் தொகைதான் எனக்கு உறுத்துகிறது. ரசாயன ஆலைகளுக்குத் தரும் சுற்றுச்சூழல் அனுமதியில், வளாகத்தைச் சுற்றிப் பசுமை வளையம் வளர்க்க வேண்டும் என்பது வழக்கமாக இருக்கும் நிபந்தனை. அதை ஆலை தன் சொந்தக் காசில் செய்ய வேண்டும். சிஎஸ்ஆர் விதிகள், 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட பிறகு, இதைத் தெளிவாகவே சொல்கின்றன: வேறொரு சட்டத்தின்படி நிறைவேற்றியே ஆக வேண்டிய கடமைக்குச் செய்த செலவு சிஎஸ்ஆர் கணக்கில் வராது.

மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் ஆலையின் பழைய அனுமதிக் கடிதத்தைத் தேடி எடுங்கள். உள்ளே குறிப்பான நிபந்தனைகள், பொது நிபந்தனைகள் என்று இரண்டு பட்டியல் இருக்கும். பசுமை வளையம் எவ்வளவு பரப்பில், எந்த எல்லையில், எந்த ஆண்டுக்குள் என்று இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூன் 1க்கும் டிசம்பர் 1க்கும், அவர்கள் தாக்கல் செய்திருக்க வேண்டிய நிபந்தனை நிறைவேற்ற அறிக்கைகளைப் பாருங்கள். அங்கே 'பணி நடைபெறுகிறது' என்று எழுதியிருக்கும் இடமும், உங்கள் வரைவில் கன்று நடச் சொல்லியிருக்கும் இடமும் ஒன்றுதானா?

ஒன்றாக இருந்தால், உங்கள் பணியாளர் குழி தோண்டி நட்ட கன்றின் புகைப்படம் அடுத்த அறிக்கையில் ஆலையின் சாதனையாக இணைக்கப்படும். அதே செலவு சிஎஸ்ஆர் அறிக்கையிலும் ஏறும். இரண்டுக்கும் சான்று கொடுத்தது நீங்களாக இருப்பீர்கள். சுவரோரத்துக் கன்றுகளை ஒப்பந்தத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். சண்டை போட வேண்டியதில்லை, 'உங்கள் நிறுவனச் செயலர் இதைச் சிஎஸ்ஆராகக் காட்ட முடியாது என்பார்' என்று சொன்னாலே போதும். நிறுவனச் செயலருக்கு இந்த விதி மனப்பாடமாகத் தெரியும். வரைவை எழுதியது விளம்பரத் துறையாக இருக்கலாம்.

கண்மாய்க் கரைக் கன்றுகளைப் பற்றி நான் பேசுவது அதிகப்பிரசங்கம்தான். ஆனாலும், உள்ளான் மாதிரிக் கரைப்பறவைகளுக்குத் திறந்த சேற்றுக்கரைதான் இரை தேடும் இடம், அங்கே வரிசையாக மரம் வைப்பது கெடுதலாகவும் முடியலாம் என்ற அளவுக்கு எனக்கும் தெரியும். உங்கள் உயிரியலாளர் கோபப்படுவதற்கு இதுவும் காரணமாக இருக்கும். எந்தக் கரையில் நடலாம், எங்கே கூடாது என்று அவரிடம் ஒரு பக்கக் குறிப்பு எழுதி வாங்கி ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேருங்கள். கன்று எண்ணிக்கையை இலக்காக வைக்காமல் வரத்துக்கால்வாய் சீரமைப்பு, சீமைக்கருவேலம் அகற்றுதல், நீர்த்தரக் கண்காணிப்பு ஆகியவற்றை வைத்தால் அந்த 35 லட்சத்தின் பெரும்பகுதி கண்மாய்க்கே திரும்பும்.

பேசக் கூடாது என்ற பிரிவு

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். விரிவாக்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்டால், 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பெரும்பாலான திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாள் குறித்து, குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்பு வெளியிடும். அக்கறை உள்ள எவரும் எழுத்துப்பூர்வமாகக் கருத்து அனுப்பலாம். அந்தக் கண்மாயைப் பற்றிப் பல ஆண்டுத் தரவு வைத்திருக்கும் ஒரே அமைப்பு நீங்கள்தான் என்கிறீர்கள். உங்கள் வாயும் கட்டப்பட்டு, தரவும் அவர்கள் பெட்டிக்குள் போய்விட்டால் கருத்துக்கேட்புக் கூடத்தில் யார் என்ன பேச முடியும்? அவர்கள் இந்த நோக்கத்தில்தான் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. பெரிய நிறுவனங்களின் வார்ப்பு ஒப்பந்தங்களில் இப்படி ஒரு பிரிவு கேட்காமலே ஒட்டிக்கொண்டு வரும். நோக்கம் எதுவானாலும் விளைவு இதுதான்.

சட்டப்படி இது செல்லுமா? பொது நலக் கொள்கைக்கு முரணான நோக்கம் கொண்ட உடன்பாடு செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவு. மாசு பற்றி அரசு அமைப்பிடமோ, சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திடமோ போகக் கூடாது என்று ஒரு பொது அறக்கட்டளையைத் தடுக்கும் வாசகம் அந்தச் சோதனையில் தேறாது என்பது என் கருத்து. 18 சதவீத வட்டியையும் நீதிமன்றம் அப்படியே வசூலித்துத் தராது. 74ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு 'செல்லாத பிரிவுதானே, இருந்துவிட்டுப் போகட்டும்' என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். செல்லாது என்று தீர்ப்பு வாங்க நீங்கள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்த வேண்டும். அவர்களோ அடுத்த தவணையை நிறுத்தினால் போதும். ஆண்டுக்கு 40 லட்சத்தில் ஓடும் அமைப்பு, அதில் 30 லட்சத்தை ஒரே இடத்திலிருந்து வாங்கும்போது, ஒப்பந்தத்தில் எழுதாத வாய்ப்பூட்டும் தானாக வந்து மாட்டிக்கொள்ளும். பிரிவை நீக்கிய பிறகும் இந்த ஆபத்து இருக்கும். அறங்காவலர் குழு இதைத் தனியாக விவாதிக்க வேண்டும். இந்தப் பணத்தைப் புதிய வேலைகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே இருக்கும் சம்பளங்களைப் பழைய நன்கொடையாளர்களின் பணத்திலேயே ஓட்டுவது ஒரு வழி.

பிரிவுக்கு மாற்றாக ஒன்றைக் கொடுங்கள், வெறும் 'நீக்குக' என்றால் அவர்களுடைய வழக்கறிஞர் விடமாட்டார். நிறுவனத்தைக் குறிப்பிடும் எந்த அறிக்கையையும் வெளியிடும் முன் 10 நாள் அவகாசத்தோடு அவர்களுக்கு அனுப்புவோம், தகவல் பிழை இருந்தால் ஆதாரத்தோடு சொல்லலாம், திருத்துவோம், ஆனால் வெளியிடலாமா வேண்டாமா என்பது எங்கள் முடிவு என்று எழுதுங்கள். அரசு அமைப்புகளுக்கும் தீர்ப்பாயத்துக்கும் அனுப்புபவை இந்த அவகாசத்துக்குள் வரமாட்டா என்றும் சேருங்கள். 10 நாளை 45 நாளாக்கக் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வழியில்லை.

தரவு உங்களுடையதாகவே இருக்கட்டும். தங்கள் அறிக்கைகளில் பயன்படுத்திக்கொள்ள நிறுவனத்துக்கு அனுமதி மட்டும் கொடுங்கள்.

பாக்கெட்டில் உங்கள் சின்னம்

இதை நீங்கள் சின்ன விஷயம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளுக்குப் பரிந்துரை தருவது என்பதற்கு உள்ள வரையறையில் நடிகர்களும் விளையாட்டு வீரர்களும் மட்டும் வருவதில்லை. ஓர் அமைப்பின் பெயரையோ முத்திரையையோ காட்டி, இது அந்த அமைப்பின் கருத்து என்று நுகர்வோரை நம்பவைப்பதும் பரிந்துரைதான். விளம்பரம் தவறானது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முடிவு செய்தால், பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் வரை அபராதம் உண்டு, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. தீர விசாரித்துத்தான் ஒப்புக்கொண்டோம் என்று நிரூபித்தால் தப்பிக்கலாம். அந்தச் சலவைத் திரவம் ஈரநிலத்தைக் காக்கிறது என்பதற்கு நீங்கள் என்ன விசாரித்தீர்கள்? 2024 அக்டோபரில் அதே ஆணையம் சூழலுக்கு நல்லதுபோலப் பொய்யாகக் காட்டிக்கொள்ளும் பசுமைப்பூச்சு விளம்பரங்களுக்கென்றே வழிகாட்டுநெறிகள் வெளியிட்டிருக்கிறது. பொத்தாம்பொதுவாக 'சூழலுக்கு நல்லது' என்று சொல்லிவிட்டு ஆதாரம் தராமல் நழுவ இனி இடமில்லை.

இங்கும் சிஎஸ்ஆர் விதி உங்கள் பக்கம்தான். தன் பொருள்களுக்குச் சந்தை ஆதாயம் தேடி விளம்பரதாரராகச் செய்யும் செலவைச் சிஎஸ்ஆர் என்று காட்ட முடியாது. பாக்கெட்டில் சின்னம் வேண்டுமென்றால் அது விளம்பரத் துறையின் பணம், தனி ஒப்பந்தம். உங்கள் பக்கம் அது நன்கொடையாக இராது, சேவைக்கான கட்டணமாகிவிடும், 18 சதவீத ஜிஎஸ்டி கேள்வியும் வரும். உங்கள் ஆடிட்டரைக் கேட்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். என்னைக் கேட்டால் போகவே வேண்டாம். அவர்களுடைய ஆண்டறிக்கையிலும் கண்மாய்க் கரையில் வைக்கும் தகவல் பலகையிலும் 'இந்தப் பணிக்கு நிதியுதவி' என்று போட்டுக்கொள்ளட்டும், அதற்கு மேல் வேண்டாம்.

5 சதவீதம் யாருக்கு?

'நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டமே இருப்பதால் என் சம்பளத்தைக் கேட்க முடியவில்லை' என்கிறீர்கள். பல தொண்டு நிறுவனங்கள் இதே தவறான நம்பிக்கையில் சம்பளத்தை விட்டுக்கொடுக்கின்றன. அந்த 5 சதவீதம், நிறுவனம் தன் சிஎஸ்ஆர் துறையை நடத்தத் தானே செய்யும் பொது நிர்வாகச் செலவுக்கு வைத்த வரம்பு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட ஆகும் நேரடிச் செலவு அதில் சேராது என்று விதியே சொல்கிறது. ஆகவே பட்ஜெட்டில் 'அலுவலக நிர்வாகம்' என்று மொத்தமாக ஒரு வரி போடாதீர்கள், அது வெட்டப்படும். கள உயிரியலாளர், தரவுப் பதிவாளர், திட்டத்துக்காக நீங்கள் செலவிடும் நேரம் என்று பிரித்து, ஒவ்வொன்றும் எந்த வேலைக்கு என்று எழுதுங்கள்.

மார்ச் மாத யூ.சி.

யூ.சி. என்றால் பணம் செலவானதற்கு நீங்கள் தரும் பயன்பாட்டுச் சான்றிதழ். நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனால் முதல் மார்ச்சிலேயே வரும். மாதக் கடைசி வாரத்தில் 20 லட்சம் கணக்கில் விழும். மறுநாள் சிஎஸ்ஆர் துறையிலிருந்து ஃபோன் வரும்: "31ஆம் தேதிக்குள்ள முழுசும் செலவாயிடுச்சுன்னு ஒரு யூ.சி. மட்டும் கொடுத்துடுங்க மேடம், ஏப்ரல்ல மெதுவா செலவு பண்ணிக்கலாம்." கொடுக்காதீர்கள். அமைப்பின் கையில் பணம் போய்ச் சேர்ந்தால் மட்டும் செலவானதாக ஆகாது, அமைப்பு அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்ட் விளக்கத்தில் சொல்லிவிட்டது. அந்தப் பயன்பாட்டை நிறுவனத்தின் நிதித் தலைவர் சான்றளிக்க வேண்டும். அவர் நம்புவது உங்கள் காகிதத்தை.

நேர்மையான வழி சட்டத்திலேயே இருக்கிறது. திட்டத்தை ஆரம்பத்திலேயே தொடர் திட்டமாக நிறுவனத்தின் இயக்குநர் குழு அறிவித்துவிட்டால், செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் தனிக் கணக்கில் போட்டு, அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவழிக்கலாம். 'தொடர் திட்டம்' என்ற சொல் ஒப்பந்தத்திலும் இருக்கட்டும். பறவைக் கணக்கெடுப்பும் கால்வாய் வேலையும் பருவத்தைப் பார்த்து நடப்பவை, மார்ச் 31ஐப் பார்த்து நடப்பவை அல்ல. தவணை தேதிகளையும் பருவத்தை ஒட்டியே கேளுங்கள்.

தாய் நிறுவனத்தின் 12 லட்சம்

உங்களுக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லை. ஆகவே வெளிநாட்டிலிருந்து நேராக ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது, அது குற்றம். பதிவு வைத்திருக்கும் நண்பரின் அமைப்பு வழியாக வாங்கிக்கொள்ளலாம் என்று அறங்காவலர் சொன்னாராம். 2020 திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நன்கொடை வாங்கிய அமைப்பு அதை வேறு யாருக்கும் மாற்றித் தர முடியாது. நண்பரையும் சேர்த்து மாட்டிவிடுவீர்கள். உள்துறை அமைச்சகத்திடம் நீங்களே பதிவு கேட்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட திட்டத்துக்கென முன் அனுமதி கேட்க வேண்டும். இல்லையென்றால் 12 லட்சத்தை மறந்துவிடுங்கள். இங்குள்ள நிறுவனம் தரும் சிஎஸ்ஆர் பணம் வேறு. வெளிநாட்டுப் பங்கு பாதிக்கு மேல் இருந்தாலும், அந்தத் துறைக்கு அனுமதிக்கப்பட்ட அந்நிய முதலீட்டு வரம்புக்குள் இருக்கும் இந்திய நிறுவனத்தை 2016 திருத்தம் வெளிநாட்டு மூலம் என்ற வரையறையிலிருந்து விலக்கியிருக்கிறது. வரம்புக்குள் இருக்கிறோம் என்று நிறுவனச் செயலரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

எந்த வரிசையில் பேசுவது

முதலில் பரிவேஷில் அனுமதிக் கடிதம். பிறகு அறங்காவலர் கூட்டம், உயிரியலாளரும் உட்கார்ந்திருக்கட்டும். விரிவாக்க விண்ணப்பம் நிலுவையில் இருப்பது தெரிந்தே இந்த நிதியை வாங்குவதா என்பதைத் தனித் தீர்மானமாக எழுதுங்கள். சிலர் வேண்டாம் என்று சொல்லலாம், அதுவும் நியாயமான நிலைதான். கருத்துக்கேட்பு முடியும்வரை ஒப்பந்தத்தைத் தள்ளிவைப்பது எனக்குப் பிடித்த வழி. நிறுவனத்துக்கு நிஜமாகவே கண்மாய் மேல் அக்கறை இருந்தால் சில மாதம் காத்திருப்பதில் அவர்களுக்கு நட்டமில்லை.

காத்திருக்க முடியாது என்றால், திருத்தங்களை ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். சுவரோரக் கன்றும் பாக்கெட் சின்னமும் அவர்களுடைய சிஎஸ்ஆர் கணக்குக்கே ஆபத்து என்பதால் சீக்கிரம் விட்டுக்கொடுப்பார்கள். பேச்சுத்தடைப் பிரிவில்தான் இழுபறி இருக்கும். அதை மட்டும் விடமாட்டோம் என்று நிறுவனம் பிடிவாதமாக நின்றால், அவர்கள் எதை வாங்க வந்தார்கள் என்பது தெரிந்துவிடும். அப்போது உங்கள் அறங்காவலருக்கு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டிய தேவையும் இராது.

வரைவில் 'இழப்பீட்டுப் பொறுப்பு' என்று ஒரு பிரிவு இருப்பதாகச் சொல்லி, அதன் முதல் வாக்கியத்தோடு நிறுத்திவிட்டீர்கள். திருத்தம் அனுப்பும் முன் அந்தப் பிரிவை முழுதாகத் தட்டச்சு செய்து எனக்கு அனுப்புங்கள். களப்பணியில் மூன்றாம் நபருக்கு விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்பது அதில்தான் இருக்கும்.